கல் தொழிலும் கழகத்தின் பயனும்

பழங்காலத் தமிழ் வணிகர் நெடுவழியில் தனித்துச் செல்வதில்லை. காடும் கள்வரும் நிறைந்த பாதையிற் சாத்தாகக் கூடியே சென்றனர். பிற்காலத்தில் அவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவாக அமைந்து கடல் கடந்தும் வாணிகஞ் செய்தனர். அவர்தம் கல்வெட்டுக்கள் ஈழத்திற் பதவியா, வாகல்கட முதலாம் இடங்களில் இன்றும் உள்ளன. ஒரே தொழிலைச் செய்வோர் போட்டியாளராயிருந்தும் ஒன்றுகூட வேண்டும் என்னும் எண்ணம், ஆகவே, நமக்குப் புதியதன்று. அவ்வெண்ணம் இக்காலத்துக் கல் தொழிலில் எவ்வாறு பயன் தருகின்றது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு சிற்றூர் சான்றாக நிற்கின்றது.

அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள வேர்மொன்ற் மாநிலத்தில் அமைந்தது அவ்வூர். அதன் பெயர் நம் செவிக்குப் பறம்பு மலை ஆண்ட வள்ளலின் பெயர்போலப் பாரி என்றே ஒலிக்கும். அவ்வூரை அடுத்த குன்றுகளிற் சாம்பல் நிறக் கருங்கல் மிகுதியாக உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப் பாதை வந்து சேர்ந்ததும், கொத்துக் கொட்டகைகள் பல எழுந்தன. ஸ்கொட்லாந்தின் அபடீனிலிருந்தும் இத்தாலியின் கராராவிலிருந்தும் கைதேர்ந்த கற்றச்சர் வந்து குடியேறினர். 1889ஆம் ஆண்டில் அவ்வூர்க் கொட்டகை உடைமையாளர் ஒன்றுகூடித் தொழிற்கழகம் ஒன்றை நிறுவினர்.

இத்தகைய கழகத்தாற் பெறும் முதற்பயன் வாங்குவோரின் நம்பிக்கை. அரிசி வாங்குபவன் ஒரு பிடியை அள்ளிப் பார்த்துத் தரத்தை அறிவான். கல் வாங்குபவனால் அவ்வாறு அறிய இயலாது. உள்ளே மறைந்த வெடிப்பும், இரும்புக் கலப்பினாற் பின்னர் தோன்றும் துருக்கறையும், விற்கும் நாளிற் கண்ணுக்குப் புலனாகா. குறை வெளிப்படும்போது விற்றவன் கடையை மூடியிருக்கலாம். ஆதலாற் பாரியின் கழகத்தார் தரம் இன்னதென வரையறுத்து, அதற்கு அமைந்த நினைவுக்கல்லுக்கே தம் பொது முத்திரையை வழங்கினர். தனியொருவனின் வாக்குறுதி அவனோடு முடியும். கழகத்தின் முத்திரையோ அவனுக்குப் பின்னும் பொறுப்பேற்று நிற்கும். நேர்மையாகத் தொழில் செய்பவன் மலிவான போலிக் கல்லுடன் போட்டியிட நேரும்போது, அம்முத்திரை அவனுக்குக் காவலாகின்றது.

இரண்டாம் பயன் இதனினும் பெரிது. அது உயிரைப் பற்றியது. முற்காலத்திற் கற்றச்சர் உளியும் சம்மட்டியும் கொண்டு, காற்றோட்டமான இடங்களில் வேலை செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவை அடுத்து, அமுக்கக் காற்றால் இயங்கும் சுத்தியல் வந்தது. வேலை விரைந்தது, தூசியும் பெருகியது. கடுங்குளிரைத் தடுக்க நாற்புறமும் அடைத்த கொட்டகைக்குள் அத்தூசி தங்கியது. கருங்கல்லிற் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. அதன் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தோன்றாமல், மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். அவை தங்கிய இடமெல்லாம் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிசு எனப்படும் இந்நோயை மாற்ற மருந்து இல்லை. அவ்வாறு நலிந்த நுரையீரலைச் சயரோகமும் எளிதிற் பற்றிக்கொள்ளும். பாரியிற் பிறருக்கு நினைவுக்கல் செதுக்கிய பலர், தாமே இளமையில் மடிந்தனர்.

இதனைக் கொட்டகை உடைமையாளர் அறியாமலில்லை. 1924 முதல் 1926 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவையினர் அங்கு நடத்திய ஆய்வு, தூசியின் அளவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியது. எனினும் பரிகாரம் உடனே வரவில்லை. உளி படும் இடத்திலேயே தூசியை உறிஞ்சி வெளியேற்றக் குழாயும் விசிறியும் வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். ஒருவன் மட்டும் அச்செலவை ஏற்றால் அவன் கல்லின் விலை ஏறும். அயற்கொட்டகைக்காரன் மலிவாக விற்று அவனை வீழ்த்துவான். நல்லவனும் செய்யத் தயங்கும் நன்மை இது. எல்லோரும் ஒரே காலத்திற் செய்தால், ஒருவருக்கும் நட்டமில்லை. ஒருவனால் ஆகாதது கூட்டத்தால் ஆகும் என்பது இங்கே வெறும் பழமொழியன்று, கணக்கு.

1937ஆம் ஆண்டளவில் அந்தக் கணக்குத் தீர்ந்தது. தொழிலாளர் சங்கத்தின் வற்புறுத்தலும், மாநிலச் சுகாதாரத் துறையினரின் அளவீடும், உடைமையாளரின் இணக்கமும் ஒருங்கு சேர்ந்தன. ஒரு கன அடிக் காற்றில் 1 கோடித் துகளுக்கு மேல் இருத்தலாகாது என்னும் வரம்பு கொள்ளப்பட்டது. கொட்டகைதோறும் உறிஞ்சு குழாய்கள் பொருத்தப்பட்டன. தொழிலாளரின் மார்பு காலந்தோறும் கதிர்ப்படம் எடுத்துப் பார்க்கப்பட்டது. அதன்பின் தொழிலிற் புகுந்தோரிடையே அந்நோய் மிக அரிதாயிற்று. பயன் பெறாது போனவர் முன்னரே தூசியை உண்டவர். லூயி புரூசா என்னும் சிற்பி, அதே 1937இல் இந்நோயால் இறந்தார். மனைவியின் கரங்களிற் சாய்ந்து உயிர்விடும் ஒருவனின் உருவம், அவ்வூர் மயானத்தில் அவர் கல்லறை மீது கருங்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது.

இக்கதையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. கூட்டம் என்பது கத்தி போன்றது. கனியையும் அறுக்கும், கையையும் அறுக்கும். 1922இல் அதே ஊரிற் பிணக்கு மூண்டபோது, உடைமையாளர் ஒன்றுபட்டுத் தொழிலாளர் சங்கத்தை ஒதுக்கினர். கனடாவிலிருந்து பிரெஞ்சு மொழி பேசுவோரை வருவித்து வேலை நடத்தினர். அதனால் எழுந்த மனக்கசப்பு நெடுங்காலம் நிலைத்தது. ஒரே தொழிலினர் கூடினால் விலையை உயர்த்தச் சதி செய்வர் என 1776இலேயே அடம் சிமித் என்னும் பொருளியலறிஞர் ஐயுற்றார். அந்த ஐயம் நியாயமானதே. ஆகையாற் கழகத்திற் சேர எண்ணுபவன் சந்தாப் பணம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டால் போதாது. தரத்தை யார் சோதிக்கின்றனர், முத்திரையைத் தவறாக வழங்கினால் யார் பறிப்பர், வேலையாளின் குரலுக்கு அங்கே செவி உண்டா என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்விகள் இன்றும் பழமையாகிவிடவில்லை. அமெரிக்காவின் இரு பழைய கல் தொழிற்கழகங்கள் 2018இல் ஒன்றிணைந்து, இயற்கைக் கல் நிறுவனம் என்னும் பெயருடன் இயங்குகின்றன. தொழிற்பயிற்சி, கல்லின் தரவரையறை, வேலைத்தலப் பாதுகாப்பு ஆகியவற்றை அது தன் உறுப்பினருக்கு அளிக்கின்றது. மறுபுறம், படிகத் தூளைப் பசையோடு கலந்து வார்க்கும் செயற்கைக் கற்பலகை சமையலறைகளிற் பரவியது. அவற்றுட் பலவற்றிற் சிலிக்கா நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல். அதனை அறுத்த இளைஞர் பலர் பல நாடுகளிற் பழைய நோய்க்கே இரையாயினர். 2024 யூலை 1 முதல் அவுஸ்திரேலியா அத்தகைய பலகையைத் தடை செய்தது. பாரியில் ஒரு தலைமுறை உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை, வேறோரிடத்து மற்றொரு தலைமுறை மீண்டும் உயிர் கொடுத்தே கற்க நேர்ந்தது.

கற்ற பாடத்தை மறவாது காத்து, தொழிலிற் புதிதாகப் புகுபவனுக்கு முதல் நாளிலேயே எடுத்துரைப்பதே தொழிற்கழகத்தின் தலையாய கடன். தனி மனிதனின் நினைவு அவன் மூச்சோடு நின்றுவிடும். கூட்டத்தின் நினைவு நின்றால், உளி பிடிக்கும் இளைஞன் தன் தந்தை இழந்த மூச்சைத் தானும் இழக்க வேண்டியதில்லை.