விக்கரேஜ் ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இங்கிலாந்தில் கால்பந்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்ட ஆசாமிகளிடம் ப்ளே-ஆஃப் என்று பேச்செடுத்தால் போதும், அவர்கள் முகம் ஒரு மாதிரியாகிவிடும். கிரிக்கெட் லீக் பந்தயங்களின் தயவால் நமக்கும் பழகிப்போன சொல்தான் அது. ஆனால் அங்கே அதற்குள் அடங்கிக் கிடக்கும் ஆசையும் வேதனையும் வேறு ரகம். பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழே சாம்பியன்ஷிப் என்றொரு பிரிவு உண்டு. அதில் 24 அணிகள், ஆகஸ்டு மாதம் தொடங்கி மே மாதம் வரை, மழையிலும் பனியிலும், ஆளுக்கு 46 ஆட்டங்கள் ஆடி முடிக்கின்றன. முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் நேரே மேலே ஏறிவிடுகிறார்கள். 2013-இல் இருந்த முறைப்படி, மூன்றாமிடம் முதல் ஆறாமிடம் வரை வந்த நான்கு அணிகள், மிச்சமிருக்கும் ஒரே ஓர் இடத்துக்காகத் தமக்குள் மறுபடியும் மோதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது அணி ஆறாவதோடும், நான்காவது ஐந்தாவதோடும், சொந்த ஊரில் ஒன்றும் எதிராளியின் ஊரில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்கள் ஆடி, இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டிப் பார்த்து, அதிகம் போட்டவர் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்குப் போவார்.

1986-87 சீசனில் புகுத்தப்பட்ட இந்த ஏற்பாடு நியாயமானதா என்று கேட்டால், மூன்றாமிடத்தில் வந்தவர்கள் ஒரு பதிலும் ஆறாமிடத்தில் வந்தவர்கள் வேறொரு பதிலும் சொல்வார்கள். ஒன்பது மாதம் ஓடியாடி எதிராளியைவிட ஒன்பது புள்ளி அதிகமாகச் சேர்த்து வைத்தவன், சில நாள் இடைவெளியில் நடக்கும் இரண்டு ஆட்டங்களில் அத்தனையையும் இழந்துவிடலாம் என்பது நியாய சாஸ்திரத்துக்கு ஒத்துவராத விஷயம். ஆனால் பந்தயம் பார்க்கிற ஜனங்களுக்கு நியாயத்தைவிடப் பரபரப்பு பிடித்திருக்கிறது. டிக்கெட் விற்கிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

2013-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாட்ஃபோர்டு என்ற ஊரில் நடந்த அரையிறுதி ஆட்டத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். லண்டனுக்கு வடமேற்கே, ரயிலேறினால் சொற்ப நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர் அது. பாடகர் எல்டன் ஜான் 1970-களில் அந்த ஊர்க் கிளப்பை வாங்கி, கிரகாம் டெய்லர் என்ற பயிற்சியாளரை அமர்த்தி, நாலாவது டிவிஷனில் கிடந்த அணியை ஐந்தே சீசனில் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்து, 1983-இல் நாட்டிலேயே இரண்டாமிடத்தில் நிறுத்திய கதையை அவ்வூர்ப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1922 முதல் அவர்கள் ஆடிவரும் மைதானத்துக்கு விக்கரேஜ் ரோடு என்று பெயர். 2013-இல் அது அப்படியொன்றும் கம்பீரமான இடமாக இல்லை. ஒரு பக்கத்து ஸ்டாண்டு பழசாகிப்போய்ப் பார்வையாளருக்கு மூடப்பட்டே சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோலுக்குப் பின்னால், ரூக்கரி என்று அழைக்கப்படும் கோடியில், மஞ்சள் சட்டை அணிந்த உள்ளூர் ரசிகர்கள் கூடுவார்கள். எதிர்க் கோடி வெளியூர்க்காரர்களுக்கு.

அதற்கு முந்திய ஆண்டுதான் அணி இத்தாலியக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்திருந்தது. அக்குடும்பத்துக்குச் சொந்தமான உதினேஸே முதலிய கிளப்புகளிலிருந்து கடனாக வந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு, ஒரு காலத்தில் செல்ஸி மைதானத்தில் மாயாஜாலம் காட்டிய ஜியான்ஃபிராங்கோ ஸோலா என்ற இத்தாலியர் பயிற்றுவித்த அணி, பார்க்கப் பார்க்க அலுக்காத ஆட்டம் ஆடிற்று. மற்ற கிளப்புகள் இந்தக் கடன் வியாபாரத்தைப் பார்த்து முணுமுணுத்தன. வாட்ஃபோர்டு ரசிகர்கள் அந்த முணுமுணுப்பையும் சேர்த்தே அனுபவித்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

மே 4-ஆம் தேதி, சீசனின் கடைசி நாள். அன்று லீட்ஸ் அணியைத் தோற்கடித்திருந்தால் இரண்டாமிடம் கிடைத்து, ப்ளே-ஆஃப் என்ற வாதையே இல்லாமல் மேலே போயிருக்கலாம். ஆனால் முதல் கோல்கீப்பர் அல்முனியா ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியிலேயே காயமடைந்தார்; அவருக்குப் பதிலாக நின்றவர் ஆட்டத்தின் நடுவில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார்; மூன்றாவதாக இறங்கியவர் அனுபவமே இல்லாத சிறு பிள்ளை. காயத்தால் ஆட்டம் வெகு நேரம் தாமதமானதால், இரண்டாமிடத்துக்குப் போட்டியாக இருந்த ஹல் அணி தன் ஊரில் கார்டிஃபோடு சமனாக முடித்துக்கொண்ட செய்தி முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் போதும் என்று பதினாயிரக் கணக்கான பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கோலைப் போட்டது லீட்ஸ். வாட்ஃபோர்டு 77 புள்ளிகளோடு மூன்றாமிடத்தில் நின்றது. ஹல் 79 புள்ளிகளோடு ஏறிப் போயிற்று.

இப்படி வாசற்படியில் தடுக்கி விழுந்த அணியின் ரசிகர்கள் அடுத்த வாரம் என்ன மனநிலையில் வந்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். எதிரே வந்தது லெஸ்டர். 68 புள்ளிகள் எடுத்து ஆறாமிடத்தில், அதுவும் கடைசி நாள் கடைசி நிமிஷங்களில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் ஆந்தனி நோக்கார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர் போட்ட கோலால் தொற்றிக்கொண்டு வந்த அணி. லெஸ்டரில் நடந்த முதல் ஆட்டத்தில் டேவிட் நூஜென்ட் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலால் அவர்கள் வென்றிருந்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் 15-ஆவது நிமிஷம் வாட்ஃபோர்டின் மத்தேய் விட்ரா பந்து தரையில் படுவதற்குள் வீசி உதைத்து ஒரு கோல் போட்டார். மைதானம் கூத்தாடிற்று. நான்கே நிமிஷம், நூஜென்ட் மறுபடியும் தலையால் முட்டினார், மைதானம் அடங்கிற்று. 65-ஆவது நிமிஷம் விட்ரா இன்னொன்று போட, அந்த ஆட்டத்தில் 2-1, இரண்டும் சேர்த்து 2-2 என்று தராசு நேராயிற்று. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரசிகனுக்கு மட்டுமே புரியும் ஒரு சித்திரவதை. தன் அணி முன்னேறும்போது கோல் விழவேண்டுமே என்ற தாபத்தைக் காட்டிலும், பந்து பறிபோய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் அவன் நெஞ்சை முந்திக்கொண்டு அடைக்கிறது. பக்கத்தில் இருப்பவன் ஏதாவது நம்பிக்கையாகச் சொன்னால் அவன் மேல் கோபம் வருகிறது. கடிகாரம் ஓடவில்லை என்றும் ரொம்ப வேகமாக ஓடுகிறதென்றும் ஒரே மூச்சில் தோன்றுகிறது. சொந்த ஊரில் ஆடுவது அனுகூலம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். உண்மையிலோ, கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிறவன் தன் வீட்டு முற்றத்தில் நிற்கிற நிலைதான் அது. வந்தவர்கள் அவமானத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவார்களே என்ற கவலை அவனுக்கு மட்டும்தான் உண்டு.

குறித்த 90 நிமிஷமும் முடிந்து, நிறுத்தங்களுக்காகச் சேர்த்த நேரமும் ஆறாவது நிமிஷத்துக்கு வந்துவிட்டது. கூடுதல் நேர ஆட்டத்துக்குத் தயாராக வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்த சமயத்தில், நோக்கார்ட் பெனால்டி எல்லைக்குள் வாட்ஃபோர்டு ஆட்டக்காரர் மார்க்கோ கஸ்ஸெத்தியின் அருகில் விழுந்தார். நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார். கால் பட்டதா, பட்டதாக அவர் நடித்தாரா என்பதைப் பற்றி இன்றுவரை இரு ஊர்களிலும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. பந்தை எடுத்து வைத்தவரும் நோக்கார்ட்தான். உள்ளே போனால் மொத்தத்தில் லெஸ்டர் 3-2. ஈடு செய்ய அவகாசம் கிடையாது. அன்றைய படத்தில் கூட்டத்தைக் கவனித்துப் பார்த்தால், கோலைப் பார்க்கிறவர்களைவிடத் தலையில் கை வைத்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும்தான் கண்ணில் படுகிறார்கள்.

நோக்கார்ட் நடுவாக்கில் உதைத்தார். காயத்திலிருந்து மீண்டு வந்திருந்த அல்முனியா, ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட நிலையிலும், காலை விட்டுத் தடுத்தார். பந்து திரும்பி நோக்கார்டிடமே வந்தது. அவர் மறுபடியும் உதைக்க, அல்முனியா பாய்ந்து அதையும் மறித்தார். வெளியே உதைபட்ட பந்து வாட்ஃபோர்டின் இக்கேச்சி அன்யாவிடம் போய், அவரிடமிருந்து ஃபெர்னாண்டோ ஃபாரெஸ்டியேரிக்குப் போயிற்று. அவர் வலது பக்கமாக ஓடி உயரத் தூக்கிப் போட்டார். எதிர்ப் பக்கத்தில் ஜோனதன் ஹாக், தானே கோலுக்கு முயலாமல், தலையால் தணித்துப் பின்னுக்குத் தள்ளினார். ஓடி வந்த ட்ராய் டீனி நின்று நிதானிக்கவில்லை. வந்த வேகத்திலேயே உதைத்தார். மைதானத்தின் ஒரு கோடியில் தோற்றுப்போயிருந்தவர்கள் மறு கோடியில் ஜெயித்துவிட்டார்கள். இடையில் கழிந்தது ஏறக்குறைய இருபது விநாடி.

டீனி சட்டையைக் கழற்றிக்கொண்டு, விளம்பரப் பலகைகளைத் தாண்டி ரூக்கரிக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். தந்தை புற்றுநோயில் இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. அடிதடி வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு முந்திய செப்டம்பரில்தான் வெளியே வந்திருந்தார். கிளப் அவரைக் கைவிடாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் அவரைக் கட்டிக்கொண்டபோது அதெல்லாம் யார் நினைவிலாவது இருந்திருக்குமோ என்னமோ! கௌரவத்துக்குப் பேர்போன ஸோலாவோ, கோட்டும் சூட்டுமாக மைதானத்துக்குள் ஓடிக் கால் தடுக்கிக் குப்புற விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடினார். ரசிகர்கள் புல்தரைக்குள் புகுந்துவிட்டார்கள். அனுமதியின்றி ஆடுகளத்துக்குள் கால் வைப்பது 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் குற்றம். அன்று அந்தக் குற்றத்தைச் செய்தவர்களில் வாழ்க்கையில் வேறெந்தக் குற்றமும் செய்யாத குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சட்டம் அவசியமானதுதான்; தோற்ற அணியின் ஆட்டக்காரர்களைக் கூட்டத்தில் எவனாவது சீண்டினால் விபரீதமாகிவிடும். இருந்தாலும் அன்று மைதானத்துக்குள் ஓடியவர்களில் பலருக்குத் தாங்கள் எங்கே ஓடுகிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது.

இந்தப் பரவசம் எதனால் வந்தது? பரிசினால் என்று சொல்வது எளிது. பிரீமியர் லீக்கில் நுழையும் அணிக்குத் தொலைக்காட்சிப் பணமே பத்துக் கோடி பவுனுக்கு மேல் கிடைக்கும் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அது ரசிகன் வீட்டுக்கு வரும் பணமல்ல. வந்தால் அவனுடைய டிக்கெட் விலைதான் ஏறும். மேலும் அன்று அவர்கள் எந்தக் கோப்பையையும் வெல்லவில்லை. இன்னோர் ஆட்டம் ஆடுவதற்குரிய உரிமையை மட்டும்தான் வென்றார்கள். என் அபிப்பிராயம், அது வெற்றியின் சந்தோஷமே அல்ல என்பதுதான். பெனால்டி கொடுக்கப்பட்ட க்ஷணத்தில் அத்தனை பேரும் மனத்துக்குள் தோல்வியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அவமானத்தோடு வீட்டுக்கு நடந்து போகிற வழியைக்கூடப் பலர் நினைத்துப் பார்த்திருப்பார்கள். பயந்தது நடக்கவில்லை என்பதை நெஞ்சு உணர்ந்து ஒரு பெருமூச்சு விடுவதற்கு முன்னாலேயே, ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய இரண்டு உணர்ச்சிகள் ஒரே சமயத்தில் வந்து மோதியதால்தான் சிலர் சிரிக்கவும் சிலர் அழவும் சிலர் முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொள்ளவும் செய்தார்கள். மூன்று கோல் வித்தியாசத்தில் சாவதானமாக ஜெயித்திருந்தால், கைதட்டிவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்திருப்பார்கள்.

எதிர்க் கோடியில் நின்ற லெஸ்டர்க்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் கோடியில்தான் பெனால்டி உதைக்கப்பட்டது. கோல் விழுந்ததோ மைதானத்தின் மறு எல்லையில். எட்டு நாளைக்கு முன் அணியை இவ்வளவு தூரம் கொண்டுவந்த அதே நோக்கார்டின் கால்தான் அவர்களைக் கைவிட்டது. அந்த 21 வயதுப் பிள்ளையை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதை அவர்களுக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே 102 புள்ளிகளோடு சாம்பியன்ஷிப்பை வென்று ஏறினார்கள், அவரும் கூடவே இருந்தார். அன்றைய லெஸ்டர் கோலைக் காத்த காஸ்பர் ஷ்மைக்கலும், வெஸ் மார்கனும், ஜேமி வார்டியும் 2016-இல், எவனும் நம்பி ஐந்து ரூபாய் கட்டியிருக்க மாட்டாத ஒரு காரியமாக, பிரீமியர் லீக் பட்டத்தையே வாங்கினார்கள்.

வாட்ஃபோர்டோ, மே 27-ஆம் தேதி வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் 1-0 என்று தோற்றது. கூடுதல் நேரத்தில், வில்ஃப்ரெட் ஸாஹாவைக் கீழே தள்ளிப் பெனால்டி கொடுத்தவர் அதே கஸ்ஸெத்தி. இந்த முறை உதைத்தவர் 39 வயதான கெவின் ஃபிலிப்ஸ், முன்னொரு காலத்தில் வாட்ஃபோர்டிலேயே ஆடியவர், தவறவில்லை. ஆக, டீனியின் கோலால் கிளப்புக்கு லௌகீகமாக ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை. அந்தக் கோலை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறவர்கள் அந்தக் கணக்கை ஒருநாளும் பார்த்ததில்லை.

வாட்ஃபோர்டு மேலே ஏறியது 2015-இல்தான், ப்ளே-ஆஃப் இல்லாமலே. ஏப்ரல் 25-ஆம் தேதி பிரைட்டன் ஊரில் டீனியும் விட்ராவும் ஆளுக்கொரு கோல் போட்டு ஜெயித்துவிட்டு வந்தார்கள். பிற்பகலில் மற்ற மைதானங்களிலிருந்து வந்த முடிவுகள் மிச்சத்தைச் செய்துவிட்டன. அடுத்த சனிக்கிழமை விக்கரேஜ் ரோட்டில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணி, நேரம் முடிந்து சேர்த்த நிமிஷத்தில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ததால், சாம்பியன் பட்டம் மட்டும் போர்ன்மத்துக்குப் போயிற்று. அதற்காக வாட்ஃபோர்டில் யாரும் அதிக நாள் துக்கம் காத்ததாகத் தெரியவில்லை.