காய்கறித் தோட்டத்து மண்ணில் புதையுண்ட உலோகத் துண்டுகள்

நம் நாட்டு நகரங்களில் பழைய வீட்டை இடித்த மனையிலோ, முன்னர் பட்டறையோ பழைய இரும்புக் கடையோ இருந்த இடத்திலோ கீரையும் கத்தரியும் பயிரிட விரும்பி மண்ணைக் கொத்தத் தொடங்குவோர், முதற் சாண் ஆழத்திலேயே துருப்பிடித்த ஆணிகளையும், கம்பித் துண்டுகளையும், தகரச் சிம்புகளையும், சுண்ணாம்புக் காரையையும் காண்பர். இத்தகைய மண்ணில் விளைந்ததை உண்ணலாமா என்னும் ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பே. ஆயினும், பெரும்பாலோர் அஞ்சுவது அஞ்ச வேண்டாத பொருளைக் கண்டேயாம். அஞ்ச வேண்டியது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

முதலில் இரும்பை எடுத்துக் கொள்வோம். புவியின் மேலோட்டில் எடையளவில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்பே. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணின் எடை சுமார் 200 கிலோகிராம் இருக்கும். அம் மண்ணில் 3 சதவீதம் இரும்பு எனக் கொண்டால், அங்கு இயற்கையாகவே 6 கிலோகிராம் இரும்பு உள்ளது. இதனுடன் இரண்டு பிடி ஆணி சேர்வதால் யாதொரு கேடும் விளையாது. செம்மண்ணுக்கு நிறம் தருவதும், ஆணியின் மேல் படியும் துருவும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடுகளே.

இங்கு ஒரு விந்தையையும் குறிப்பிடல் வேண்டும். இரும்பு நிறைந்து கிடக்கும் இடிபாட்டு மண்ணிலேயே செடிகள் இரும்புச் சத்துக் குறைவால் வாடுவதுண்டு. சுண்ணாம்புக் காரையும் சிமெண்டும் மண்ணைக் காரத்தன்மை உடையதாக்கி விடுகின்றன. அந்நிலையில் இரும்பு கரைந்து வேர்க்கு எட்டுவதில்லை. இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளிறி மஞ்சளாகும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியையும் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து இலைகளின் மீது தெளித்தால் இக்குறை தற்காலிகமாக நீங்கும். மண்ணில் கந்தகத்தூள் இட்டுக் காரத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் அவசரம் கூடாது. காரணம் பின்னர் விளங்கும்.

தோட்டத்தைத் தூய்மை செய்வோர் சிலர், ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி மண்ணின் மேல் இழுத்துச் செல்வர். வேலையை எளிதாக்கும் முறைதான். ஆனால் காந்தம் கவர்வது பெரும்பாலும் இரும்பையும் எஃகையுமே. காரீயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் ஆகியவை அதற்கு அகப்படா. அதாவது, தீங்கில்லாதது வெளியேறித் தீங்குள்ளது உள்ளேயே தங்கி விடுகிறது. காந்தம் இழுத்துச் சென்றதும் மண் சுத்தமாகிவிட்டதென்று கருதுதல் பெரும் பிழை.

காரீயம் என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் வழக்கில் ஈயம் எனும் சொல் இருவேறு உலோகங்களைக் குறிக்கிறது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தைச் சேர்ந்தவை. நாம் ஈண்டுக் கூறுவது நஞ்சாகிய காரீயத்தை. இவ்விரண்டையும் மயங்கிக் கொள்வது அடுப்பங்கரையிலும் ஆபத்தே.

காரீயம் தோட்டத்திற்கு வரும் வழிகள் பல. பழைய கதவு, சன்னல்களிலிருந்து உதிர்ந்த வர்ணம் ஒன்று. இரும்புக் கிராதிகளுக்குத் துருப்பிடியாதிருக்க முதற்பூச்சாக இட்ட செந்நிறக் காரீயச் சாயம் மற்றொன்று. கிராதி குற்றமற்றது, அதன் மேற்பூச்சே குற்றமுடையது. வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதற்கு முன் பூசிய சுவர்களை அவ்விதி தீண்டாது. பெருஞ்சாலை ஓரத்து மண்ணில், 2000-ஆம் ஆண்டில் காரீயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்படும் வரை வெளிவந்த புகையின் எச்சமும் உண்டு. உடைந்த மோட்டார் மின்கலம் இவை எல்லாவற்றிலும் கொடியது. ஒன்றிலேயே பல கிலோகிராம் காரீயம் இருக்கும். மின்கம்பிகளை எரித்துச் செம்பெடுத்த இடத்துச் சாம்பலையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். பித்தளைத் தொழிலுக்குப் பேர்பெற்ற மொராதாபாதில் ராமகங்கை ஆற்றங்கரையில் மின்னணுக் கழிவைக் கொட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் உத்தரவிட்டது, இத்தகைய கழிவு மண்ணையும் நீரையும் கெடுப்பதனாலேயே.

முற்கூறிய 200 கிலோகிராம் மண்ணில் வெறும் 20 கிராம் காரீயம் தூளாகிப் பரவினால் போதும். பத்து லட்சத்தில் 100 பங்கு கூடிவிடும். இயற்கை மண்ணில் பொதுவாகக் காணப்படுவது 10 முதல் 50 பங்கு வரையே. குடியிருப்பு மண்ணில் மேலும் ஆராய வேண்டிய அளவு 400 பங்கு என்றிருந்ததை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024-இல் 200 பங்காகக் குறைத்தது. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்திற்குத் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. மூளை வளர்ச்சியே அதனால் குன்றுகிறது.

செடியின் வேர் காரீயத்தை மிகுதியாக உறிஞ்சுவதில்லை என்பது ஓர் ஆறுதல். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணும், கையிலும் காலிலும் படிந்து வீட்டிற்குள் வரும் தூசியுமே அது உடலை அடையும் முக்கிய வழிகள். காட்மியத்தின் தன்மை வேறு. அது வேர் வழியே எளிதில் ஏறி இலைகளில் சேரும், கழுவினாலும் போகாது. துத்தநாகமோ இருமுகம் கொண்டது. 1966-இல் பந்த்நகரில் விஞ்ஞானி நேனே நெற்பயிரின் கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணமெனக் கண்டார். இன்றும் பல வயல்களுக்குத் துத்தநாக சல்பேட் இடுகிறோம். அதுவே துத்தநாகம் பூசிய தகரம் மக்கிய புளிப்பு மண்ணில் மிகுந்து பயிரைக் கருக்குவதும் உண்டு.

இவ்வுலோகங்கள் புளிப்பு மண்ணில்தான் மிகுதியாகக் கரைகின்றன. இடிபாட்டுச் சுண்ணாம்பு இரும்பை மறைப்பது போலவே காரீயத்தையும் காட்மியத்தையும் கட்டி வைக்கிறது. ஆகவே, இலை மஞ்சளாயிற்றென்று கந்தகம் இடுமுன் மண்ணைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையின் பன்னிரண்டு சோதனைகளில் இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியன உண்டு. காரீயமும் காட்மியமும் இல்லை. எனவே அட்டையில் எல்லாம் நன்றென்றிருப்பதைக் கொண்டு அமைதி அடைதல் தகாது. இவ்விரண்டின் மொத்த அளவையும் கண்டு தருமாறு ஆய்வகத்தாரிடம் தனியே கேட்க வேண்டும். பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாகவும், சுவரோரத்து மண்ணை வேறொரு மாதிரியாகவும் அனுப்புதல் நலம். மாதிரி எடுக்கத் துத்தநாகம் பூசிய கரண்டி ஆகாது, மரத்தாலானது போதும்.

பொறுக்கும் வேலையை மண் சற்று ஈரமாயிருக்கும் போது, தடித்த கையுறையும் காலணியும் அணிந்து செய்க. ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடை இதற்கு ஏற்றது. கல்நார் சிமெண்டுத் தகட்டின் துண்டுகள் கிடைத்தால் உடைக்கலாகாது. நனைத்து, தடித்த உறையிலிட்டு அகற்ற வேண்டும். ஆணி குத்தினால் இசிவு நோய் வருவது துருவினால் என்பர் பலர். துருவன்று, மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியின் வித்துக்களே காரணம். ஆழமான குத்துக் காயத்தில் காற்றுப் புகாமையால் அவை பெருகுகின்றன. துருவேறாத முள் குத்தினாலும் தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கேட்டேயாக வேண்டும்.

காரீயம் மிகுந்ததெனத் தெரிந்தால் மண்ணைக் கைவிட வேண்டுமென்பதில்லை. நன்கு மக்கிய கம்போஸ்டைத் தாராளமாகக் கலந்து, புளிப்பு இருப்பின் சுண்ணாம்பிட்டு நடுநிலைக்குக் கொணர்ந்து, வெறுந்தரையை வைக்கோலால் மூடிவிடலாம். அங்கே முள்ளங்கி, காரட், தண்டுக்கீரை வேண்டா. கொடிகளைப் பந்தலில் ஏற்றிப் புடலும் அவரையும் பறிக்கலாம். கீரைக்கெனத் தனியே துணி விரித்து, அதன் மேல் ஓரடி உயரத்திற்கு வெளியிலிருந்து கொணர்ந்த நல்ல மண்ணால் பாத்தி கட்டுதல் பாதுகாப்பானது. பாத்தியின் விளிம்புக்குப் பழைய வர்ணப் பலகையை வைப்போரையும் காண்கிறோம். அது நோயை வாயிலில் நிறுத்தி வைப்பது போலாம்.

பொறுக்கிய இரும்பைப் பழைய பொருள் வாங்குவோரிடம் விற்கலாம். மின்கலங்களை அவ்வாறு தருதல் கூடாது; 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது, ஆதலின் விற்பனையாளரிடமோ சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். எஞ்சிய வர்ணச் செதில்களையும் கம்பி உறைகளையும் எரிக்காமல் தனிப் பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவாக நகராட்சியாரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.