ரத்தத்தில் தங்கிய தூசி!

பழைய டெலிவிஷன் பெட்டியை உடைத்தால் என்ன கிடைக்கும்? செம்பு கிடைக்கும். இரும்பு கிடைக்கும். கண்ணாடி கிடைக்கும். இவற்றைப் பிரித்து விற்பது பல நாடுகளில் ஒரு தொழில்.

கூடவே இன்னொன்றும் கிளம்புகிறது. அதை யாரும் விலைக்கு வாங்குவது இல்லை. அது உடைக்கிற தொழிலாளியின் மூக்கு வழியாகப் போய், ரத்தத்தில் தங்கிவிடுகிறது!

அது என்ன?

டெலிவிஷன், கம்ப்யூட்டர் பெட்டிகளின் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்கும். உள்ளேயோ மின்சாரம் ஓடுகிறது. ஒரு பொறி போதும், வீடே எரிந்துவிடும். ஆகவே, புரோமின் சேர்ந்த ரசாயனப் பொருளைப் பிளாஸ்டிக்கில் கலந்தார்கள். சூடு ஏறினால் புரோமின் வெளிப்பட்டு, தீயை அடக்கும். நல்ல யோசனைதான்!

ஆனால், அவற்றில் பல வகைகள் பிளாஸ்டிக்குடன் ஒன்றிவிடுவது இல்லை. கலந்து நிற்கின்றன, அவ்வளவுதான். பெட்டியை உடைக்கும்போதும் அரைக்கும்போதும் தூசியோடு தூசியாகப் பறக்கின்றன. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்குகின்றன.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். மூன்று வகைத் தொழிலாளரிடம் ரத்தம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைப்பவர்கள் ஒரு வகை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் இன்னொரு வகை. பழைய மின் சாதனங்களை உடைப்பவர்கள் மூன்றாவது வகை.

1999-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. துடைக்கும் ஊழியர்களைவிட, உடைக்கும் தொழிலாளர்களின் ரத்தத்தில் இந்தப் பொருள்கள் சுமார் 7 மடங்கு இருந்தன. அவற்றில் ஒரு வகை 70 மடங்கு!

கோடை விடுமுறைக்குப் போய் வந்த தொழிலாளர்களையும் சோதித்தார்கள். அவர்கள் ரத்தத்தில் அளவு குறைந்திருந்தது. வேலைதான் காரணம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

தைராய்டு சுரப்பியின் வேலையை இவை கெடுக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, குட்டிகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது.

அந்தத் தொழிற்சாலையில் வேலை முறையை மாற்றினார்கள். காற்றோட்ட வசதியைத் திருத்தினார்கள். 2000-ம் ஆண்டில் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். உடைக்க வந்த சாமான்கள் முன்னைவிட அதிகம். ஆனால், 70 மடங்கு இருந்த அந்த வகை ரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தது! தொழிலாளியைக் குறை சொல்லாமல், தொழிற்சாலையைத் திருத்தினார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

சீனாவில் குய்யூ என்ற ஊர் இருக்கிறது. அங்கே வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் ரத்தத்திலும் இந்தப் பொருள்கள் மிகுதியாக இருந்தன. தூசியை இழுக்க அங்கே எந்திரம் ஏது?

இந்த வகைப் பொருள்களில் சிலவற்றை 2009-ம் ஆண்டிலும், இன்னொன்றை 2017-ம் ஆண்டிலும் உலக நாடுகள் தங்கள் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தன. தடைக்கு முன்பு செய்த பெட்டிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பழுதாகி, உடைக்கும் கொட்டகைக்கு வந்துகொண்டிருக்கின்றன.