காலைப் பார், மூக்கைப் பார், நடையைப் பார்... சேற்றுப் பறவைகளை அடையாளம் காண்பது எப்படி?

தை முதல் நாளில் மதுரை அவனியாபுரம் என்றால் ஜல்லிக்கட்டுதான். அதே தை மாதத்தில் ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்கும் விருந்தாளிகள் வந்திருப்பார்கள். அவர்கள் சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து பறந்துவந்து சேற்றில் இரைதேடும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும்.

அவனியாபுரத்துக்கு அருகிலுள்ள சாமநத்தம் கண்மாய் மதுரைப் பறவை ஆர்வலர்களுக்கு நன்கு பழக்கமான இடம். அதைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்பது அவர்களது நீண்டகாலக் கோரிக்கை. இங்கே பார்த்துப் பழகிய கண்கள், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கோடியக்கரைச் சேற்றுவெளிகளிலும் தடுமாறாது.

நிறம் ஏமாற்றும்!

குளிர்காலத்தில் இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை மங்கிய சாம்பல், பழுப்பு நிறத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் இறகின் நிறத்தை விட்டுவிட்டு, வேறு சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

கால்: குச்சிபோல மிக நீண்ட இளஞ்சிவப்புக் கால்களும் ஊசிபோன்ற கறுப்பு மூக்கும் இருந்தால், அது நெடுங்கால் உள்ளான். கால் ஆரஞ்சு கலந்த சிவப்பாக, அவ்வளவு நீளமில்லாமல் இருந்தால் பவளக்காலி. பறக்கும்போது பவளக்காலியின் சிறகின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரியும். பச்சை கலந்த கால், லேசாக மேல்நோக்கி வளைந்த மூக்கு என்றால் பச்சைக்காலி.

மூக்கு: கீழ்நோக்கி அரிவாள்போல வளைந்த மிக நீண்ட மூக்கு கோட்டானுக்கு. சேற்றின் ஆழத்தில் இருக்கும் புழுவையும் நண்டையும் எடுக்க அது உதவுகிறது. மூக்கு நன்றாக மேல்நோக்கி வளைந்திருந்தால் கோணமூக்கு உள்ளான். அது தண்ணீரில் மூக்கைப் பக்கவாட்டில் வீசி வீசி இரை பிடிக்கும். ஆழம் பார்க்கும் மூக்கும் மேலோட்டமாகக் கொத்தும் மூக்கும் வேறு வேறு என்பதால்தான், ஒரே சேற்றில் பல இனங்கள் சண்டையில்லாமல் சாப்பிடுகின்றன.

நடை: கொஞ்சம் ஓடி, சட்டென நின்று, குனிந்து ஒரு கொத்து கொத்தினால் அது உப்புக்கொத்தி வகை. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. நிற்கும்போதும் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பது சாதா உள்ளான். கடற்கரையில் கூழாங்கல்லையும் பாசியையும் புரட்டிப் புரட்டித் தேடினால், பெயரிலேயே விடை இருக்கிறது... கல்திருப்பி உள்ளான்!

11 நாள், 13,560 கிலோமீட்டர்

இந்தக் குடும்பத்தின் பயணங்கள் நம்ப முடியாதவை. 2022-ல் கருவி பொருத்தப்பட்ட இளம் வரிவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் பறந்தது. 11 நாள்களில் அது கடந்த தூரம் சுமார் 13,560 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் பறக்கும் பறவைகளுக்கு, கிளம்பும் முன்பும் இறங்கும் இடத்திலும் வயிறு நிறைய வேண்டும்.

வற்றிய கண்மாய் வீணா?

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய், தை மாசியில் வற்றத் தொடங்கும். 'தண்ணி போச்சு, இனி கண்மாய் சும்மாதான் கிடக்கும்' என்று நினைப்போம். ஆனால், சேறு வெளியே தெரியும் அந்த நேரத்தில்தான் இந்தப் பறவைகளுக்குப் பந்தி ஆரம்பமாகிறது. கரையைச் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தினாலோ, குப்பை கொட்டி ஓரத்தை மேடாக்கினாலோ தண்ணீர் இருக்கலாம், உள்ளான் இருக்காது. அதற்குத் தேவை கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும்தான்.

பெயர் தெரிந்து கணக்கெடுப்பது இதனால்தான் முக்கியம். 'ஏதோ குருவி' என்று விட்டுவிட்டால், அந்தக் கண்மாய் பதிவேட்டில் வெறும் பொட்டலாகத்தான் இருக்கும். இன்னின்ன பறவை, இத்தனை வந்தது என்று ஆண்டுதோறும் பதிவு இருந்தால், அந்த இடத்துக்காகப் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.

2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, 'இ-பேர்ட்' செயலியில் பதிவிட்டால் போதும். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். 'உள்ளான் வகை' என்று குறித்தாலே அது நேர்மையான பதிவுதான். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையிலேயே நில்லுங்கள். சேற்றில் இறங்கி விரட்ட வேண்டாம். அது அவர்கள் சாப்பிடும் நேரம்!