வில்லையின் திரிபும் நோக்கின் திரிபும்: கரடியனாற்று ஒளிப்படங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றது என்னும் கருத்து இன்றும் வலுவாக நிலவுகின்றது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடி–பதுளை வீதியில் அமைந்த கரடியனாற்றின் வயல் வட்டைகளை மீயகல்கோண வில்லைகொண்டு படம்பிடிக்குமிடத்து இக்கருத்து ஆட்டங்காண்கின்றது. அண்மையிலுள்ள வரம்பு பெருவீதிபோல் விரிகின்றது; சேய்மையிலுள்ள வாடி புள்ளியாகின்றது; ஓரத்தில் நிற்கும் கூலியாளின் முகம் பக்கவாட்டில் இழுபடுகின்றது. நிலம் ஆளற்றதாய்த் தோன்றுகின்றது. மயிலத்தமடு–மாதவணை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர் 2023இல் போராட்டம் தொடங்கிய மாவட்டத்தில், நிலத்தை வெறுமையாகக் காட்டுவது அழகியற் பிரச்சினை மட்டுமன்று.

இத்திரிபுகளை மூவகையாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, வில்லையின் அமைப்பிலிருந்து எழுவது. உருப்பெருக்கம் ஓரங்களை நோக்கிக் குறைவதனால் நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம்போல் வெளிப்புறம் வளைகின்றன. மையத்தினூடு செல்லுங் கோடுகள் வளைவதில்லை. எனவே தொடுவானத்தைப் படத்தின் நடுவே அமைத்தால் அது நேராகவே நிற்கும். எஞ்சிய வளைவைக் கணினி மென்பொருள் பெரிதும் திருத்திவிடும். ஓரத்திற் சிறுபகுதி இழக்கப்படும்.

இரண்டாவது, வடிவகணிதம் சார்ந்தது. குறையற்ற வில்லையும் இதிலிருந்து தப்பாது. 36 மில்லிமீற்றர் அகலமான பிலிம் சட்டத்தில் 14 மில்லிமீற்றர் வில்லை பக்கவாட்டில் ஏறத்தாழ 104 பாகையைக் காண்கின்றது. அதன் இடவல ஓரங்களில் மனிதத் தலையொன்று அகலவாட்டில் ஏறத்தாழ 1.6 மடங்கு நீளும். உருண்டையான உலகைத் தட்டையான படத்தில் விரிக்கையில் துருவப் பகுதிகள் பெருப்பதை ஒத்தது இது. மென்பொருளால் முகத்தைச் சீராக்கலாம். ஆயின் வரம்புகள் வளையும். நேர்கோட்டைக் காப்பதா, மனித உருவைக் காப்பதா என்பதை நாமே தெரிவுசெய்தல் வேண்டும்.

மூன்றாவது, நிற்குமிடத்திலிருந்து பிறப்பது. அரை மீற்றர் தூரத்திலுள்ள கை, ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்தோடு ஒப்பிடுகையில் இயல்பினும் இருமடங்காகத் தோன்றும். இதற்குக் காரணம் வில்லையன்று, தூரமே. கமராவை அண்ணாந்து பிடித்தால் தென்னைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதும் நமது செயலின் விளைவே.

திரிபு யாவும் குறையெனக் கொள்ளுதலும் தவறு. ‘நான் கியூபா’ (1964) திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் உருசெவ்ஸ்கி 9.8 மில்லிமீற்றர் வில்லையைப் பயன்படுத்தினார். அங்கு உருப்பெருக்கப்பட்டவர் உழைக்கும் மனிதர். நிலக்காட்சிக்கு அவர் அலங்காரமாகவில்லை. வேறுபாடு கருவியிலன்று, நோக்கத்திலேயே உள்ளது.

கருத்தியல் மனிதரைத் தலைகீழாகக் காட்டுவதை மார்க்சும் எங்கெல்சும் 1845–46இல் எழுதிய ‘ஜெர்மன் கருத்தியல்’ நூலில் இருட்டறைக் கமராவுடன் ஒப்பிட்டனர். அத்தலைகீழ்மையும் மனிதரின் வரலாற்று வாழ்நிலையிலிருந்தே எழுகின்றதென்பது அவர்தம் வாதம். ஒளிப்படத்திற்கும் இது பொருந்தும் என்பதே நமது கருத்து. முதலாவது திரிபை மென்பொருள் திருத்தும். இரண்டாவதில் எதை இழப்பதென நாம் தீர்மானிக்கலாம். மூன்றாவதை நீக்க நாமே இடம்மாற வேண்டும். கரடியனாற்றுக்குக் கமராவுடன் செல்வோர் உழைப்பவரை ஓரத்தில் நிறுத்தாது நடுவே நிறுத்துக. கமராவை மட்டமாகப் பிடிக்குக. அவருடைய வாடியும் மாடுகளும் அடையாளம் தெரியும் அளவுக்கு அவற்றை நெருங்கிச் செல்லுக. அந்நிலம் ஆளுள்ள நிலம் என்பது அப்பொழுது படத்திலும் தெரியும்.