சிதம்பரத்து வயலில் உருளைக்கிழங்கு ஏன் பிடிப்பதில்லை?

பண்ருட்டியில் பலாவும் முந்திரியும், வீராணம் தண்ணீரில் நெல்லும் விளைகிற மாவட்டம் கடலூர். உருளைக்கிழங்கு மட்டும் ஊட்டியிலிருந்தோ ஆக்ராவிலிருந்தோ மூட்டையாக வந்து இறங்குகிறது. பகல் வெயிலைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் விளைச்சலைத் தீர்மானிப்பது இரவு.

கூட்டுக் குடும்பத்துச் சமையற்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இலைதான் அடுப்பு, பகலெல்லாம் வெயிலில் சர்க்கரை சமைக்கிறது. அடுப்பு அணைந்த பிறகு வீட்டார் சாப்பிடுகிறார்கள், அதாவது செடி தன் சுவாசத்துக்கு அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. மிஞ்சியதுதான் பத்தாயத்துக்குப் போகும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டின் நுனி பருத்து, மாவாகச் சேமித்து வைக்கும் அந்தப் பத்தாயமே உருளைக்கிழங்கு. இரவு குளிர்ந்தால் பசி குறைவு. புழுங்கினால் எல்லாம் தின்று தீர்ந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. இரவு வெப்பம் சுமார் 20 டிகிரியைத் தாண்டினால், ‘பத்தாயம் கட்டு’ என்று இலையிலிருந்து இறங்க வேண்டிய உத்தரவே தடைப்படுகிறது. செடி பச்சைப்பசேலென்று தழைத்து நிற்கும். பிடுங்கினால் அடியில் ஒன்றும் இருக்காது.

கடலூர்க் கரையில் தை மாத இரவுகூட அந்த 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய மாதங்கள் அடைமழை. சிதம்பரத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் விதைக்கிழங்கே அழுகிவிடும். 2006இல் வந்த குஃப்ரி சூர்யா ஓரளவு சூடு தாங்கும் ரகம்தான், ஆனால் இந்த ஈரத்துக்கு அது மருந்தாகாது.

கங்கைச் சமவெளியில் மழை ஓய்ந்த பிறகு அக்டோபரில் நடுகிறார்கள். பனிக்கால இரவுகளில் கிழங்கு பருக்கிறது, பங்குனிக்குள் அறுவடை முடிகிறது. நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய பாதி உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்கமும் தருவது. நீலகிரிக்கு உயரமே குளிரைத் தந்துவிடுவதால் அங்கே ஆண்டுக்கு மூன்று போகம் வரை எடுக்கிறார்கள்.

வடக்கில் ஒரே பட்டத்தில் விளைந்ததை ஆண்டு முழுக்க விற்க வேண்டுமே! அதனால் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி குளிரில் அடைக்கிறார்கள். அங்கேதான் மாவு மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. சில நாள் வறுவல் வேகும் முன்பே கறுத்து, வாயில் தித்திக்கிறதே, அதற்குக் காரணம் எண்ணெயல்ல, இந்தக் குளிர்தான். வீட்டு ஃபிரிட்ஜும் அதையே செய்யும். காற்றோட்டமுள்ள இருட்டு மூலையில் ஒன்றிரண்டு வாரம் போட்டு வையுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கு மீண்டும் மாவாகும், வறுவலும் பொன்னிறமாக வரும்.