அதிபர் பதவிக்குப் பிறகு தொடங்கிய அரசியல்

தேர்தலில் தோற்ற நாட்டுத் தலைவர் என்ன செய்வார்? பெரும்பாலும் ஊர் திரும்பி ஓய்வெடுப்பார். அமெரிக்காவின் 6ஆவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1828ஆம் ஆண்டு தேர்தலில் தோற்ற அவர், 1830இல் மீண்டும் தேர்தலில் நின்று வென்று, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அதிபராக இருந்தபின் அச்சபையில் பணியாற்றியவர் இன்றுவரை அவர் ஒருவரே.

14 வயதில் மொழிபெயர்ப்பாளர்

ஆடம்ஸ் 1767 ஜூலை 11ஆம் தேதி மாசசூசெட்ஸில் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் நாட்டின் 2ஆவது அதிபர். 10 வயதில் தந்தையுடன் கப்பலேறி பிரான்ஸுக்குச் சென்ற சிறுவன், அங்கு பிரெஞ்சு மொழியை நன்கு கற்றான். அந்த மொழியறிவே 14 வயதில் அவனுக்கு வேலை தேடித்தந்தது. ரஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதருக்குச் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உடன் சென்றான்.

12 வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆடம்ஸ், முதுமையிலும் அதைக் கைவிடவில்லை. அது 51 தொகுதிகளாக வளர்ந்தது.

ஹார்வர்டில் பட்டம் பெற்ற பிறகு பல ஐரோப்பிய நாடுகளில் தூதராகப் பணியாற்றினார். 1817 முதல் 1825 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். புளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குப் பெற்றுத்தந்த 1819 ஒப்பந்தம் அவர் கைவண்ணமே.

கசந்த நான்கு ஆண்டுகள்

1824 தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும் ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அவரை ஆதரித்த ஹென்றி கிளே பிறகு வெளியுறவு அமைச்சரானார். திரைமறைவில் பேரம் நடந்தது என்று ஜாக்சன் தரப்பு கொதித்தது.

அந்தப் பழி கடைசிவரை ஆடம்ஸை விடவில்லை. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக் கூடம், சாலைகள், கால்வாய்கள் என்று அவர் தீட்டிய திட்டங்களில் பெரும்பாலானவற்றை நாடாளுமன்றம் ஒதுக்கித்தள்ளியது. அடிமைமுறையை அவர் உள்ளூர வெறுத்தார். ஆனாலும் அதிபர் நாற்காலியில் இருந்தபோது அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. 1828இல் ஜாக்சனிடம் தோற்றார்.

வாய்ப்பூட்டை உடைத்தவர்

பேசாத அந்த வாய், சாதாரண உறுப்பினரான பிறகே திறந்தது. அக்காலத்தில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி சபைக்கு மனுக்கள் குவிந்தன. தென்மாநில உறுப்பினர்கள் 1836இல் ஒரு விதியைக் கொண்டுவந்தனர். இனி அத்தகைய மனுக்களைப் படிக்கவும் கூடாது, விவாதிக்கவும் கூடாது என்றது அந்த வாய்ப்பூட்டு விதி.

மனு கொடுப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்று ஆடம்ஸ் எதிர்த்தார். மனுக்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். சபையில் கூச்சல் எழுந்தது. கொலை மிரட்டல்களும் வந்தன. 1842இல் அவர் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவர முயன்றனர். அவரோ தம் தரப்பை விளக்கும் சாக்கில் நாள்கணக்கில் பேசினார். தீர்மானம் கைவிடப்பட்டது. எட்டு ஆண்டுகள் தோற்றுத் தோற்று, 1844 டிசம்பர் 3ஆம் தேதி அந்த விதியை நீக்கச் செய்தார்.

இதற்கிடையே 1841இல் அமிஸ்டாட் வழக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் கடத்தப்பட்டு, கியூபாவில் விற்கப்பட்டவர்கள் அந்தக் கப்பலில் கிளர்ச்சி செய்து அதைக் கைப்பற்றினர். பின்னர் அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கினர். அவர்களை ஸ்பெயின் கேட்டது. அமெரிக்க அரசாங்கமும் ஒப்படைக்கவே விரும்பியது. முன்னாள் அதிபரான ஆடம்ஸ், 73 வயதில், சொந்த அரசாங்கத்திற்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடு எஞ்சியிருந்த 35 பேர் பின்னர் தாயகம் திரும்பப் புறப்பட்டனர்.

1848 பிப்ரவரி 21ஆம் தேதி ஆடம்ஸ் சபையில் தம் இருக்கையிலேயே மயங்கிச் சரிந்தார். இரண்டு நாள்களில், அதே நாடாளுமன்றக் கட்டடத்தில், உயிர் பிரிந்தது. அடிமைமுறை ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. அது 1865இல்தான் நடந்தது. அதற்கு வழிவகுத்த ஆப்ரகாம் லிங்கன், ஆடம்ஸ் மறைந்தபோது அதே சபையில் ஒரு புதிய உறுப்பினர்.

மாணவர் தலைவர் பதவி கிடைக்கவில்லை, விரும்பிய துறையில் இடமில்லை என்று சோர்ந்துபோகும் இளையோர், ஆடம்ஸின் கடைசி 17 ஆண்டுகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். உச்சத்தில் இருந்தபோது சொல்லத் தயங்கியதை, அவர் ஒரு சாதாரண இருக்கையில் அமர்ந்துதான் சொன்னார்.